எந்த விரல்?

பழுதான எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அந்த அக்கா "இதுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "இத்த அமுக்குறது யாரு? எந்த வெரலு?"

அமுக்குகிற ஆளே நேரில் வந்திருந்தால் ஜன்னல் கம்பி வழியாகக் கையை உள்ளே நீட்டச் சொல்வார். ஐஸ் பேக்டரி கிளார்க், பஞ்சாயத்து பில் கலெக்டர், சென்னையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் இறால் கம்பெனி மேனேஜர், எல்லாரும் ஜோசியக்காரனிடம் நீட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டு தெருவில் நிற்பார்கள். ரேகையை அவர் பார்க்கமாட்டார். நகத்தைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, "வெய்யில்ல நிக்காத, நாளிக்கு வா" என்று அனுப்பிவிடுவார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இருந்த காலத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். "பேரு எதுக்கு, வேலயச் சொல்லு" என்பார். ஜன்னலை விட்டு அதிகம் வெளியே வராததால் ஊருக்கு அவர் ஜன்னலம்மா. எனக்கு அக்கா.

நான் காட்டூர்க்காரி. எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காடு தபாலாபீசில் வேலை கிடைத்தது. தபால்தலை விற்பது, மணியார்டர் எழுதுவது, டிரங்க்கால் புக் செய்து கொடுப்பது எல்லாம் ஒரே நாற்காலியில். தினம் பஸ்ஸில் வந்து போக முடியாமல், மசூதித் தெருவில் அந்த அக்கா வீட்டுப் பின்கட்டு அறைக்குக் குடிவந்தேன். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. குனிந்து வேலை செய்யும்போது தலையில் போட்ட முக்காடு நழுவும் என்று சேலை நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வார். அதனால் வேலை நேரத்தில் அவர் பேசுவதெல்லாம் பல்லிடுக்கு வழியாகத்தான் வரும். பழகாதவர்களுக்குத் திட்டுகிற மாதிரி இருக்கும். முதல் மாதம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. நானும் பதிலுக்கு முறைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை எங்கே கற்றார் என்பதற்குத் தெருவில் மூன்று கதைகள் உண்டு. கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து, பாதியில் இவரை விட்டுப் போன புருஷனிடம் கற்றது என்பது ஒன்று. மற்ற இரண்டும் அதைவிடப் பெரிய புளுகு. நானே ஒருநாள் நேராகக் கேட்டேன்.

"சின்னதுல ரேடியோக்குள்ள யாரு குந்தினு பேசுறான்னு பாக்கத் தொறந்தேன். இன்னும் பாத்துனே கீறேன்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

எழுபதுகளில் அவரிடம் வந்ததெல்லாம் ரேடியோவும் டிரான்சிஸ்டரும்தானாம். நான் போன சமயம் கல்ஃபுக்குப் போனவர்கள் கொண்டுவந்த சாமான்கள் வர ஆரம்பித்திருந்தன. கால்குலேட்டர், குழந்தைகளின் பாட்டுப்பெட்டி, பெயர், தேதி, போன் நம்பர் எல்லாம் அமுக்கிப் பதிந்து வைக்கிற, உள்ளங்கை அகலத்தில் மடிக்கிற டைரி மிஷின். பலவற்றில் பட்டனே கிடையாது. வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளில் எழுத்தை அச்சடித்திருப்பார்கள், அதை அமுக்கவேண்டும். அக்கா அதைச் சவ்வு என்பார். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கும் மீன் கைக்கும் அந்தச் சவ்வு ஒரு வருஷம் தாங்கினால் அதிகம்.

தபாலாபீஸ் கால்குலேட்டரில் ஏழு விழாமல் போனபோதுதான் நான் முதன்முதலாக அந்த ஜன்னலில் நின்றேன். அதுவரை வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தவள்தான் என்றாலும், வேலை என்றால் ஜன்னலுக்குத்தான் வரவேண்டும், அது அவர் சட்டம்.

"எந்த வெரலு?"

"வெரலால அமுக்குறதில்லக்கா. பென்சிலு."

"பென்சிலு எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

லென்சைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கிற லென்ஸ், விளிம்பு உடைந்து நூலால் கட்டியிருக்கும். "கோவம் வந்தா முன்பக்கம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருக்குக் கோபம், நான் என்ன கோபக்காரியா என்று பொரிந்தேன். அவர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். ஏழின்மேல் எறும்பு கடித்த மாதிரி பத்துப் பதினைந்து கறுப்புப் புள்ளிகள். தபாலாபீசில் எனக்கு மேலே ஒரு சப்போஸ்ட்மாஸ்டர் இருந்தார், அவரைப் பற்றி இங்கே எழுதினால் பக்கம் போதாது. அந்தப் புள்ளிகள் எல்லாம் அவருக்குச் சேரவேண்டியவை.

அக்கா சவ்வைப் பிரித்துக் காட்டினார். மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், இரண்டிலும் மயிரிழை மாதிரி கோடுகள். நடுவில் ஓட்டை போட்ட தாள் ஒன்று. மேலே அமுக்கினால் ஓட்டை வழியாக இரண்டும் தொட்டுக்கொள்ளும், விரலை எடுத்தால் பிரிந்துவிடும்.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான். இதுக்கா இந்தக் குத்து குத்துன?"

பென்சில் முனையைக் கத்தியால் சுரண்டிய தூள், டீக்கடையிலிருந்து வாங்கிவரச் சொன்ன சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், ஊசி, ரப்பர், இவைதான் அவர் சாமான்கள். வந்த பொருளை முதலில் மோந்து பார்ப்பார். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைப்பார். "ஏரி உப்பு" என்பார், இல்லையென்றால் "கடலு உப்பு" என்பார். இரண்டுக்கும் ருசி வேறாம். ஐஸ் பேக்டரி கிளார்க்கின் கால்குலேட்டரை அப்படி ருசி பார்த்துவிட்டு, "நீ ஆபீஸ்ல ஒக்காரதே இல்ல, தெனம் கடற்கரையில போய்க் குந்தினு கீற" என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார். உண்மைதான் என்று ஊருக்கே தெரியும். அவன் முதலாளி பின்னாலேயே நின்றது மட்டும் அக்காவுக்குத் தெரியாது.

இதுதான் அவரிடம் இருந்த சங்கடம். கண்ணில் பட்டதை உள்ளே வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. வம்பு பேசுகிறவரும் இல்லை, யார் வீட்டு விஷயத்தையும் தானாகப் போய்க் கேட்டதில்லை. ஆனால் சவ்வில் பார்த்துவிட்டால் முடிந்தது, சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். வீட்டில் ரேடியோவில் பாட்டு வைத்தாலே காதைப் பொத்திக்கொண்டு கத்துவார். அவர் மருமகளின் அண்ணன் குவைத்திலிருந்து, ஆர்மோனியம் மாதிரி கட்டைகளை அமுக்கி வாசிக்கிற ஒரு சின்னப் பாட்டுப்பெட்டி அனுப்பியிருந்தான். ஒருநாள் மருமகள் அதைக் கொண்டுவந்து, "கொழந்த அமுக்கி அமுக்கிக் கெட்டுப்போச்சுக்கா" என்று கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் வாங்க வந்தவள் பின்னாலேயே ஹெட்மாஸ்டரும் வந்தார். இந்தச் சனியனை யார் ரிப்பேர் செய்யச் சொன்னது, வீட்டில் இதன் சத்தமே வரக்கூடாது என்று தெருவிலேயே ஆரம்பித்தார்.

அக்கா பல்லிலிருந்து சேலையை விட்டார். "ஐயா, சோத்துக்கையி ரெண்டு வெரலக் காட்டுங்க."

அவரும் என்னவோ ஏதோ என்று நீட்டிவிட்டார்.

"மூணு கட்ட சந்துல மூக்குப்பொடி கீது. கொழந்த பொடி போடுமா?"

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். நான் உள்ளே கட்டிலில் விழுந்து சிரித்தேன். ஹெட்மாஸ்டர் பெட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் வீட்டுச் சாமான்கள் எல்லாம் பொன்னேரிக்குப் போயின.

"பாத்தத எல்லாம் சொல்லியே தீரணுமா?" என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் கேட்டேன்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சும்மா இருங்கன்றேன்."

"அது எனுக்கு வராது, போஸ்ட்டாபீசு."

ஆனால் நாலைந்து மாதம் கழித்து அவராகவே கேட்டார், "வாத்தியாரு வாசிக்கிறாரா?" என்று. பெட்டி அலமாரிமேல் ஏறியதோடு சரி, யாரும் தொடுவதில்லை என்று மருமகள் என்னிடம் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன். அக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு வாத்தியார் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு வேலையை எடுத்தார்.

மல்லிகா விஷயம் அதற்குப் பிந்தி, எண்பதுகளின் கடைசியில்.

மல்லிகா கோட்டைக்குப்பத்துக்காரி. புருஷன் ஏழுமலை இரண்டு வருஷத்துக்கு முன் கல்ஃபில் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போயிருந்தான். முதல் ஒரு வருஷம் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. அஞ்சாவது படித்தவன் எழுத்து, கோணல்மாணலாக இருந்தாலும் அவன் கையெழுத்து. பிறகு நின்றுபோனது. பத்து மாதமாக ஒரு வரி இல்லை. மல்லிகா நண்டு விற்றுவிட்டுக் கூடையோடு தினமும் தபாலாபீஸ் வாசலில் வந்து நிற்பாள். "போஸ்ட்டம்மா, எனுக்கு எதுனா?" பத்து மாதம் தினம் ஒரே கேள்வி. ஒருநாள் சப்போஸ்ட்மாஸ்டரோடு சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். "வந்தா குடுக்காம நானே வெச்சிக்கப் போறேனா?" என்று கத்திவிட்டேன். அவள் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து, எதுவும் கேட்காமல் எதிரே புளியமரத்தடியில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குக் கேட்டே தொலைத்திருக்கலாம்.

ஏழுமலை அங்கேயே வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று குப்பத்தில் பேச்சு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பாடு.

ஏரியில் மீன் படுகிற நல்ல இடங்களைப் பாடு என்பார்கள். யார் வேண்டுமானாலும் போய் வலை போட்டுவிட முடியாது. குப்பத்தில் ஒவ்வொரு குடும்பத் தலைவனுக்கும் முறை உண்டு. எந்த நாள், எந்த இடம் என்று குலுக்கிப்போட்டு, பிறகு சுற்றிச் சுற்றி வரும். ஏழுமலை முறையில் அவன் தம்பி வலை போட்டு, பாதி மீனை மல்லிகாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதில்தான் அவளும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். இப்போது ஊர்க்கூட்டம் கூடிப் புதுப் பட்டியல் எழுதப் போகிறது. ரெண்டு வருஷமாக ஆளும் இல்லை, பேச்சும் இல்லை, ஏழுமலையிடமிருந்து ஒரு வார்த்தையாவது வரவேண்டும், இல்லாவிட்டால் அவன் பெயரை எடுத்துவிட்டு அடுத்தவனைச் சேர்ப்போம் என்று குப்பத்துத் தலைவரான நாட்டார் சொல்லிவிட்டார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

அந்த வாரம்தான் ஒரு பை வந்தது. எளாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனுக்கு வேறொருவன் துறைமுகத்தில் கொடுத்தானாம், அவனுக்கு ஏழுமலை கொடுத்தானாம். ஏழுமலை இப்போது எந்த போட்டில் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை. பையில் இரண்டு சட்டை, ஒரு டார்ச் லைட், ஒரு டைரி மிஷின். "எல்லாம் அதுலயே கீதுன்னு சொல்லச் சொன்னாராம்" என்றான் அந்த ஆள்.

பை எந்தப் படகிலோ நனைந்து உப்புப் பூத்துக் கிடந்தது. மல்லிகா சட்டையை அலசினாள். அந்தக் கையோடு மிஷின் மேலும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் வைத்தாள். சிரிக்காதீர்கள். வலையோ, துடுப்போ, இஞ்சினோ, கடலிலிருந்து எது கரைக்கு வந்தாலும் நல்ல தண்ணீரில் அலசுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அதற்குப்பிறகு மிஷின் எந்த எழுத்தை அமுக்கினாலும் அசையவில்லை. வியாழக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். நான் கத்தியதற்குக் கழுவாய் மாதிரி, சப்போஸ்ட்மாஸ்டரிடம் கேட்காமலேயே கவுண்டரைப் பூட்டிவிட்டு அவளை ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன்.

"எந்த வெரலு?" என்றார் அக்கா.

"தெரியாதுக்கா. அங்கதான் வாங்கிக்கிறாரு. நா பாத்ததில்ல."

"எழுதுறது எந்தக் கை?"

"சோத்துக்கைதான்."

அக்கா லென்சை வைத்துப் பார்த்தார். எப்போதும் எண்ணி ஐந்து நிமிஷத்தில் ஏதாவது சொல்லிவிடுகிறவர் வெகுநேரம் பார்த்தார். மிஷினைச் சாய்த்து, திருப்பி, வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு நாளும் நான் கண்டதில்லை. பிறகு சுண்டுவிரலை நாக்கில் வைத்தார்.

"நல்ல தண்ணில அலசுனியா?"

மல்லிகா அழ ஆரம்பித்தாள். "நாந்தாங்கா கெடுத்துட்டேன். மணி கூட லேட்டாக் காட்டுது பாரு."

பார்த்தேன். என் கைக்கடிகாரத்தில் பதினொன்று. மிஷினின் சின்னக் கண்ணாடியில் ஒன்பதரை ஓடிக்கொண்டிருந்தது. டிரங்க்கால் போட்டுப் போட்டு எனக்குக் கல்ஃப் நேரம் மனப்பாடம். "லேட்டு இல்ல மல்லிகா. அங்க இப்ப ஒம்போதரைதான்" என்றேன்.

"அப்ப நல்லாத்தான் ஓடுது" என்றார் அக்கா. "அலசுனதும் தப்பில்ல. உப்ப எடுத்துட்ட. உள்ள பூந்த தண்ணிதான் ஒட்டினு கீது."

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மணியையே பார்த்தாள். "ஒம்போதரையா? இன்னும் கஞ்சி குடிச்சிருக்க மாட்டாரு" என்றாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. "பேட்டரியக் கழட்டி மாட்டிப் பாருங்கக்கா, டிரான்சிஸ்டருக்கு அப்படித்தானே செய்வோம்" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். போன வருஷம் இறால் கம்பெனி மேனேஜரின் டைரியை அப்படித்தான் கழற்றி, உள்ளே இருந்த அத்தனையும் அழிந்துபோய், அவன் ஜன்னலில் நின்று குதித்தது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பேட்டரி கழன்றால் ஏழுமலை வைத்த வார்த்தையும் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே திறக்கவேண்டும்.

அன்று மதியம் திறந்தார். சவ்வை மிஷினோடு இணைக்கிற வால் மாதிரியான பட்டையைப் பிரிக்காமல், மேலே மூடியை மட்டும் எடுத்தார். அரிசியை வறுத்து, சூடு ஆறியதும் துணியில் கட்டி ஒரு டின்னில் வைத்து, மிஷினை அதன்மேல் படுக்கவைத்து மூடினார். வெள்ளிக்கிழமை முழுக்க டின்னைத் தொடவிடவில்லை. நான் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நாலு நடை நடந்தேன். மல்லிகா ஜன்னலுக்கு எதிரே கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் நண்டு விற்கப் போகவில்லை.

சனிக்கிழமை காலை பார்த்தால், ஈரம் போயும் ஒரே ஒரு இடத்தில் மேல் தாளும் கீழ்த் தாளும் ஒட்டிக்கொண்டே இருந்தன. "இவன்தான்" என்றார் அக்கா. "ஒருத்தன் கதவப் புடிச்சினு நின்னா, மத்தவன் எப்பிடி உள்ள வருவான்? இது அமுங்கியே கெடக்குது, அதான் மத்தது எதுவும் கேக்கல."

அது எழுத்து இல்லை, எண்ணும் இல்லை. கீழ்நோக்கி அம்பு போட்ட இடம். ஒன்றைப் பார்த்து முடித்து அடுத்ததைப் பார்க்க அமுக்குவது. அந்த அம்பு தேய்ந்து பாதிதான் தெரிந்தது. சவ்வு அங்கே மட்டும் தொளதொளவென்று இருந்தது.

"எழுதுனத விட பாத்ததுதான் ஜாஸ்தி" என்றார் அக்கா, தனக்குத்தானே.

ஊசியால் இரண்டு தாளையும் பிரித்து, நடுவில் துளி முகப்பவுடர் தட்டினார். அங்கே போகிற கோடு ஒன்றை உப்பு தின்றிருந்தது. பென்சில் தூளைக் குழைக்க ஏதாவது வேண்டும் என்றார். என்னிடம் ஒரு பாட்டில் நகப்பாலிஷ் இருந்தது, காட்டூரில் அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கியது. கொடுத்தேன். அதில் தூளைக் குழைத்து, ஊசிமுனையால் கோட்டை இழுத்தார். ரோஸ் நிறத்தில் மங்கலாக ஒரு கோடு. காய்ந்ததும் மூடியைப் போட்டு, அம்பை ஒரு தட்டுத் தட்டினார்.

கண்ணாடியில் எழுத்து வந்தது.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். PADU என்று இருந்தது. அடுத்து ஒரு தேதி. அடுத்து VADAKKU. அம்பை அமுக்கினேன். மறுபடி PADU, இன்னொரு தேதி, இன்னொரு இடம். மல்லிகா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் தேதியைப் படித்தால், இடத்தைப் படிக்குமுன் அவளே சொன்னாள். முதல் ஏழெட்டுத் தேதியை அப்படி ஒத்துப்பார்த்தாள், அத்தனையும் அவர்கள் முறை. போனதிலிருந்து இந்த நாள் வரை, இனி வரப்போகிற மாதங்கள் வரை, அங்கே உட்கார்ந்து ஏழுமலை ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் போன் நம்பரைத் தேடினேன். கடைசிவரை போனேன், மேலே வந்தேன், மறுபடி கீழே போனேன். இல்லை. பாடு, பாடு, பாடு. எனக்கு எரிச்சலாக வந்தது. மனுஷன் ஒரு நம்பர் போட்டு வைக்கக் கூடாதா?

மல்லிகாவின் முகமும் மாறிவிட்டது. "பாடு நெனப்பு கீது. என் நெனப்பு இல்ல" என்றாள் மெதுவாக. "இத்தினி அமுக்கத் தெரிஞ்ச கையால எனுக்கு ரெண்டு வரி எழுதக் கூடாதா? ஊரு சொல்றது நெசம்தானா போஸ்ட்டம்மா?"

அக்கா சேலை நுனியைப் பல்லிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் அவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவருக்குள் ஹெட்மாஸ்டரின் பாட்டுப்பெட்டி ஓடியிருக்கவேண்டும். எனக்கு விஷயம் என்னவென்றே தெரியாது, நான் என்ன சைகை காட்டுவது?

"மல்லிகா, இங்க வா. இத்தக் கண்ணுல வெச்சிப் பாரு" என்று லென்சைக் கம்பி வழியாகக் கொடுத்தார். "எழுத்தோட வலப்பக்கத்துல பள்ளம் கீதுல்ல? வலது கட்ட வெரலு அமுக்குன பள்ளம். பழசு, மழுங்கிப்போச்சு. இப்ப எடப்பக்கம் பாரு. புதுசு. நகம் பட்ட கோடு கூட அந்தப் பக்கமா வளயுது. நக ஓரத்துல ஒரு சில்லு ஒடஞ்சிகீது, எல்லாக் கோட்லயும் தெரியும். எடது கட்ட வெரலு. அதுக்கப்புறம் வலது ஒரு தபா கூட வர்ல."

மல்லிகா லென்சோடு நிமிர்ந்தாள். புரியவில்லை.

"அவரு சோத்துக்கைக்கு இன்னாமோ ஆயிட்ருக்குது. அதான் கடுதாசி இல்ல. மொதல் நாளே பாத்துட்டேன். சொல்லத் தெரியல."

மல்லிகா குனிந்து மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"கையிதானா?" என்றாள்.

"கையிதான்."

"கையி மட்டும்தானேக்கா?" என்று கேட்டவள் அப்படியே தெருமண்ணில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தது. "நா இன்னான்னாவோ நெனச்சி அந்த மனுசன வாய்க்கு வந்தபடி ஏசிட்டேனே." எனக்கும் அழுகை வந்துவிட்டது. அக்கா மட்டும் லென்சைக் கேட்டு வாங்கித் துடைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இங்கிலீஷ் படிக்கிற ஆளாக நானும் போனேன். கோவில் முன்னால் நாட்டாரும் இருபது முப்பது ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் படிக்கப் படிக்க அவர்கள் தங்கள் நோட்டோடு ஒத்துப்பார்த்தார்கள். ஆடியில் அம்மன் திருவிழாவுக்கு வலை இறக்காத மூன்று நாளையும் ஏழுமலை சரியாகத் தள்ளிப் போட்டிருந்தான். பிறகு தையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒருநாள் முன்னதாக வந்தது.

"தப்பா வருதே" என்றான் ஒருவன். "மிஷின்ல யாரு வேணா அமுக்கலாம். இவளே யாரையாவது வெச்சிப் போட்டிருப்பா."

நாட்டார் நோட்டைப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் இளகியது. "தையில பழைய நாட்டாரு செத்த அன்னிக்கி யாரும் வலை இறக்கல. அதுலருந்து எல்லாருக்கும் ஒரு நாளு தள்ளிப்போச்சு. இங்க இருக்கறவன் போட்டிருந்தா அந்த ஒரு நாள உட்டுட்டுப் போட்டிருப்பான். சாவு சேதி தெரியாதவன்தான் இப்படிப் போடுவான். இது ஏழுமலதான்" என்றார். "பேரு இருக்கட்டும். பாவம், அவனுக்குச் சேதி சொல்லி அனுப்புங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்காவுக்குத் தாங்கவில்லை. அந்த ஒரு நாள் தப்பை மட்டும் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

ஏழுமலை வந்தது ஐந்து மாதம் கழித்து. அன்று எனக்கு விடுமுறை. மல்லிகா கூடையில் நண்டோடு முன்னால் வர, அவன் பின்னால் வந்தான். வலது கையைத் தோள் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தான். வலை இழுக்கிற விஞ்ச்சுக் கயிற்றில் மாட்டிக்கொண்டதாம். வேறு ஆளை விட்டு எழுதினால் இவள் பயந்துவிடுவாள் என்று எழுதாமலேயே இருந்துவிட்டானாம். வந்து ஜன்னலுக்கு நேராக நின்றான்.

"எந்த வெரலு?" என்றார் அக்கா.

அவன் மெதுவாகத் துண்டைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"அது இல்லப்பா. அமுக்குன வெரலு."

அவன் இடது கட்டைவிரலைக் கம்பி வழியாக உள்ளே நீட்டினான். அக்கா லென்சைக் கண்ணில் வைத்து, குனிந்து, நகத்தின் ஓரத்தைப் பார்த்தார். சில்லு உடைந்த இடம் அப்படியே இருந்தது. தேடிக்கொண்டிருந்த ஆளைச் சந்தையில் பார்த்துவிட்டவர் மாதிரி அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது.

"நகத்த ஒட்ட வெட்டிக்க. இன்னொரு தபா சவ்வு தாங்காது" என்றார்.

"சரிக்கா" என்றான். கையை உடனே எடுக்கவில்லை.